நாலு குப்பி இருமல் மருந்து

எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு காலத்தில் மூன்று குப்பி இருமல் மருந்து வரிசையாக நின்றது. மூன்றும் மூடி திறக்காதவை. வீட்டில் ஒருவருக்கும் இருமல் கிடையாது. அந்தக் குப்பிகள் வந்த கதையைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு முட்டும். பாதியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மீதியைச் சொல்ல முடியும்.

என் வீட்டுக்காரர் கல்ஃபில் ஏசி மெக்கானிக். வருஷத்தில் நாற்பது நாள் லீவு. மற்ற நாளெல்லாம் நாங்கள் வீடியோ காலில்தான் குடும்பம் நடத்தினோம். வீடியோ காலில் யாருக்கும் பிள்ளை உண்டாவதில்லை என்பதால் பயமும் இல்லை. பயமெல்லாம் அந்த நாற்பது நாளுக்குத்தான்.

எங்களுக்கு அப்போது இரண்டரை வயதில் ஒரு மகள். நான் பி.எட். முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். அது எனக்குக் கிடைத்த இரண்டாவது சீட்டு. முதல் சீட்டு கல்யாணமான வருஷமே கிடைத்தது. சேர்ந்த இரண்டாம் மாதம் மகள் வயிற்றில் வந்துவிட்டாள். வாந்தி என்றால் அப்படியொரு வாந்தி. பஸ்ஸின் டீசல் வாசனை பட்டாலே இறங்கி ஓடுவேன். மூன்று மாதம் படுக்கையில் கிடந்தேன், வருகை நாள் குறைந்தது, சீட்டு போனது. பிள்ளை முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்றார்கள். பார்த்தேன். பிள்ளை முகம் அழகாகத்தான் இருந்தது, சீட்டும் மறக்கவில்லை. அதனால் இந்தத் தடவை பிடிவாதமாக இருந்தேன். பி.எட். முடித்து ஒரு வகுப்பறையில் சாக்பீஸோடு நிற்கும்வரை இன்னொரு பிள்ளை வேண்டாம்.

வீட்டுக்காரர் தங்கமானவர். "உனக்க இஷ்டம்போல செய்யலாம். அம்மைட்ட மட்டும் சொல்லாத" என்றார். அதோடு நிற்காமல், "வாங்குறது எனக்க பொறுப்பு" என்று மார்தட்டினார். ஆணுறை என்று ஒரு சொல் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. அதைக் கேட்டு வாங்க இவர் கிளம்பிப் போனார்.

முதலில் போனது ஊர் மருந்துக்கடைக்கு. கடைக்காரர் இவருக்குச் சின்ன வயதில் சண்டே ஸ்கூல் வாத்தியார். "என்ன மக்கா, எப்ப வந்தே? என்ன வேணும்?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்திருக்கிறார். பத்துக் கட்டளையையும் பிரம்போடு சொல்லிக்கொடுத்த மனிதர். இவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலே ஒரு வழியைக் காட்டிவிட்டது.

"இருமலு சார்."

"சளி உண்டா, காஞ்ச இருமலா?"

"காஞ்சதுதான் சார்."

முதல் குப்பி வந்தது. இரண்டாவது தடவை பூதப்பாண்டிக்குப் போனார். அங்கே கடையில் நின்றது ஒரு சின்னப் பெண். "என்ன வேணும் அண்ணா?" என்று கேட்டுவிட்டாள். அண்ணா என்று கூப்பிட்டவளிடம் எப்படிக் கேட்பது? இரண்டாவது குப்பி. மூன்றாவது தடவை நாகர்கோவிலுக்கே போய், கூட்டம் குறையட்டும் என்று முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். கடைசியாக மிச்சமிருந்த ஒரே ஆள் திரும்பிப் பார்த்தார். இவருடைய சித்தப்பா! மூன்றாவது குப்பி.

"ஆளில்லாத கடையாப் பாத்துப் போகக்கூடாதா?" என்று கேட்டேன்.

"கடைக்காரன் இருப்பானே!" என்றார்.

என் மாமியார் அலமாரியைத் திறந்தார், மூன்று குப்பிகளைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார். எனக்க பிள்ளைக்கு நெஞ்சுல என்னமோ இருக்கு, மறைக்கான் என்று ஒரே அழுகை. அன்றைக்கே சபைப் பெண்கள் சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அழுகைக் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போனது. காலையும் மாலையும் குருமிளகு தட்டிப் போட்ட சுக்குக்காப்பி. ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "இருமலு எப்படி இருக்கு?" என்று விசாரித்தார்கள். ஊரே ஜெபிக்கும்போது இருமாமல் இருந்தால் மரியாதையில்லை என்று இவர் ஆள் வரும்போது ரெண்டு தடவை இருமிக் காட்டினார்.

அந்த லீவு காலண்டரை நம்பி ஓடியது. காலண்டரை மட்டும் நம்பக்கூடாது என்பது இவர் விமானம் ஏறிய பிறகு தெரிந்தது. நாள் தள்ளிப்போனது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அந்த நாலு நாளும் எனக்கு வகுப்பில் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை. பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் டீசல் வாசனையை மோந்து மோந்து பார்த்தேன், குமட்டுகிறதா என்று. ஐந்தாம் நாள் காலையில் வரவேண்டியது வந்தது, குளியலறையில் நின்று சந்தோஷத்தில் சத்தமில்லாமல் குதித்தேன். அன்றைக்கு முடிவு செய்தேன். அடுத்த லீவுக்கு இவரையும் நம்புவதில்லை, காலண்டரையும் நம்புவதில்லை.

ஊர் துணை சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தடை மாத்திரையைச் சும்மாவே தருவார்கள். அங்கே இருந்த நர்சம்மா நல்லவர், வாய் திறக்கமாட்டார். ஆனால் அந்தப் படிக்கு நேர் எதிரே டீக்கடை. ஜலதோஷத்துக்குப் போனாலே "என்ன, விசேஷமா?" என்று கேட்கிற டீக்கடை. காப்பர்-டி பற்றியோ ஊரில் வேறு கதை. அது கிளம்பி நெஞ்சுக்கு ஏறிவிடுமாம். ஒருத்திக்குத் தும்மும்போது மூக்கு வழியாக வந்ததாக எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சத்தியம் செய்தார். நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்து இதையும் கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு பிரஷர் பார்த்து, தலைவலி உண்டா, காலில் வீக்கம் உண்டா என்று விசாரித்து, மாத்திரை எழுதித் தந்தார். "அவரு வந்த பொறவு தொடங்கினா பிரயோசனம் இல்ல. முந்தின மாசமே தொடங்கணும். ஒரு நாள் மறந்தா நினைவு வந்த உடனே போடணும்" என்றார்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கோட்டாறுக்குப் போனேன். அந்த நெரிசலில் யார் யாரைப் பார்ப்பது? பக்கத்தில் துப்பட்டாவை மூக்கு வரை இழுத்துப் போட்ட ஒருத்தி அதே மாத்திரையை மெல்லக் கேட்டாள். பேச்சு அப்படியே மார்த்தாண்டம். நான் அந்தப் பக்கத்துக்காரி, எனக்குத் தெரியாதா? மார்த்தாண்டத்துக்காரிகள் கோட்டாறுக்கு வருகிறார்கள் என்றால் கோட்டாறுக்காரிகள் மார்த்தாண்டத்துக்குப் போவார்கள் போலிருக்கிறது. நாங்கள் ரெண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்க்காததுபோல வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டோம்.

வாங்கியாயிற்று, வைப்பது எங்கே? மாமி அன்பானவர். அன்பு அதிகமாகி, வீட்டில் மூடியிருக்கிற எதையும் திறந்து தூசி தட்டுவார். அரிசி டிரம், என் பீரோ, பவுடர் டப்பா எதுவும் தப்பாது. ஒன்றே ஒன்றைத்தான் தொடமாட்டார், இன்னொருவருடைய வேதப்புத்தகத்தை. அது அவரவருக்கும் ஆண்டவருக்கும் உள்ளது என்பார். நான் மாத்திரை அட்டையை அங்கே வைத்தேன். ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் கொஞ்சம் விளையாட்டாக.

விஷயம் என்னவென்றால், பெண்கள் சங்கத்தின் ஆண்டுவிழாவில் எல்லாருக்கும் வேதப்புத்தக உறை பரிசாகக் கொடுத்திருந்தார்கள். மெரூன் நிறம், ஜிப், மேலே தங்க நிறத்தில் சிலுவை. சங்கத்தில் எத்தனை பேரோ அத்தனையும் ஒரே அச்சு. உள்ளே இருந்த புத்தகமும் எல்லாருக்கும் ஒரே அளவு.

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் சங்கத்தின் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். வழக்கம் என்னவென்றால், கூட்டம் நடக்கும் வீட்டார் ஜெபக்குறிப்பைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். போதகரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, அதை வாசித்து ஜெபிப்பார். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ரெண்டு பிள்ளைகள். ஜெபிக்கத் தொடங்கினால் மின்விசிறிகூட மெதுவாகச் சுற்றும். மாமி சீட்டை மடித்து நீட்டினார். போதகரம்மா வாசித்தார்: "எனக்க மருமகளுக்கு ரெண்டாவது குழந்தைபாக்கியம் வேணும்."

எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்காகத் தாய்மார்கள் அத்தனை பேரும் கண்ணீர் வடித்தார்கள். போதகரம்மா சாராளில் ஆரம்பித்து, ராகேல், அன்னாள் என்று பிள்ளைக்காக ஏங்கின ஒருத்தியையும் விடவில்லை. இருபது நிமிஷம்! என் மடியிலோ மெரூன் உறை, உறைக்குள் மாத்திரை அட்டை. மேலே போகும் ஜெபத்துக்கும் உள்ளே கிடக்கும் அட்டைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். ஆண்டவரே, இவங்க கேக்கது காதுல விழாண்டாம் என்று எனக்கு நானே தனியாக ஒரு ஜெபம் போட்டேன். சிரிப்பும் வந்தது, உறையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

கூட்டம் முடிந்து முந்திரிக்கொத்தும் காப்பியும் கொடுத்தோம். கையில் தட்டு வாங்குவதற்காக எல்லாரும் வேதப்புத்தகங்களைக் கட்டிலில் அடுக்கினார்கள். போகும்போது ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.

விளக்குப் போட்ட பிறகு நான் மாத்திரை போட உறையைத் திறந்தேன். அட்டை இருந்தது. ஆனால் இந்த மாச அட்டையில் நான் தின்றது ஒன்பது. இதில் பதினேழு குழி காலியாக இருந்தது. முதலில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தூக்கத்தில் எழுந்து தின்றேனா? இல்லை, இருபது நிமிஷ ஜெபத்துக்குப் பதிலாக ஆண்டவரே இறங்கி வந்து எட்டு மாத்திரையை எடுத்துக்கொண்டாரா? பிறகு ஓரங்களில் பச்சைப் பென்சிலில் எழுதியிருந்த குறிப்புகளைப் பார்த்தேன். சபையில் பச்சைப் பென்சில் வைத்திருப்பது ஒரே ஆள். எனக்காகச் சாராளையும் ராகேலையும் எழுப்பினவர். போதகரம்மா!

தலையணையை வாயில் வைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்த உடனே வேர்த்தது. அப்படியானால் என் அட்டை போதகர் வீட்டில் இருக்கிறது. போதகர் கையில் கிடைத்தால்? கடைக்காரர் மருந்துச் சீட்டைப் பார்த்து அட்டையின் பின்னால் என் பெயரை எழுதித் தந்திருந்தாரே! அவர் மாமியைக் கூப்பிட்டு அன்போடு ஆலோசனை சொல்லுவார். மாமி அழுவார், மகனிடம் சொல்லுவார், மகன் அம்மை முன்னால் வாய் திறக்கமாட்டார். நான் மறுபடியும் டீசல் வாசனையும் படுக்கையுமாக, ரெண்டாவது சீட்டும் போய்க் கிடப்பேன். போதகரம்மாவின் செல்போனுக்கு, "உங்கள் வேதப்புத்தகம் என்னிடம் இருக்கிறது. நாளை காலை கொண்டுவருகிறேன்" என்று அனுப்பினேன். அடுத்த நொடியில் பதில் வந்தது. மூன்று கும்பிடு கை. வேறொன்றும் இல்லை.

காலையில், நாளைக்கு நான் சண்டே ஸ்கூலில் எடுக்க வேண்டிய பாடத்தைக் கேட்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். மாமி முந்திரிக்கொத்துப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு "நானும் வாறேன்" என்று கூடவே செருப்பைப் போட்டார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

போதகர் வீட்டு முன்அறையில் டிவி ஸ்டாண்டின் மேல் என் மெரூன் உறை எனக்காகத் தயாராக இருந்தது. போதகரம்மா முகம் வெளுத்திருந்தார். "வா மக்கா, அடுக்களைக்கு வா, பாடம் சொல்லித் தாறேன்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடுக்களைக் கதவு சாத்தினதும் ரெண்டுபேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவ்வளவுதான். அவர் முந்தானையை வாயில் திணித்தார், நான் அரிசிப் பானையில் சாய்ந்தேன். கண்ணீர் வரச் சிரித்தோம்.

"எனக்கு ரெண்டாவதுல பிரஷர் ஏறி உயிரு போய் வந்தது. டாக்டரு இனி கொஞ்ச வருஷம் கூடாதுன்னு சொல்லியாச்சு. போதகருக்குத் தெரியும். ஆனா சபை கேக்குமே, மூணாவது எப்பம்னு" என்றார்.

"பின்ன எனக்காக அப்படி அழுது ஜெபிச்சீங்களே?"

"உனக்க மாமியாருக்க சீட்டுல்லா வந்தது? நீ ஒரு சீட்டு எழுதித் தா, அதுக்கும் அழுது ஜெபிக்கேன்."

அப்போது முன்அறையில் போதகர் குரல் கேட்டது. போதகர் வீட்டுக்கு வந்த யாரும் ஒரு பகுதி வாசித்து ஜெபிக்காமல் போக முடியாது. அவர் கைக்கெட்டின வேதப்புத்தகத்தை எடுத்து மாமியிடம் கொடுத்து, "ஒரு சங்கீதம் வாசிங்க அம்மா" என்றார். கைக்கெட்டினது டிவி ஸ்டாண்டின் மேலிருந்தது.

எங்கள் சிரிப்பு அப்படியே நின்றது. ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு தாள் புரளும் சத்தம். பிறகு படக்கென்று புத்தகத்தை மூடும் சத்தம். அப்புறம் மாமி பெரிய குரலில் ஒரு சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினார். கதவிடுக்கில் பார்த்தேன். கண்ணை இறுக மூடி, புத்தகத்தை ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார், உள்ளே இருப்பது குதித்து வெளியே வந்துவிடும் என்பதுபோல. போதகர் "அருமை, பாராமலே சொல்லுதீங்க" என்று பாராட்டினார்.

மாமி புத்தகத்தை ஸ்டாண்டில் வைத்து, வாசலில் குனிந்து செருப்பு மாட்டின நேரத்தில் போதகரம்மாவும் நானும் புத்தகங்களை மாற்றிக்கொண்டோம். நான் என்னுடையதைக் கையில் இடுக்கிக்கொண்டு மாமியின் பின்னால் நடந்தேன். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சானல்கரை ரோட்டுக்கு வந்ததும் மாமி நின்றார். ஒருபக்கம் வாய்க்கால் தண்ணீர், ஒருபக்கம் வயல், ஆள் நடமாட்டம் இல்லை.

"ஏட்டி, போதகரம்மாவுக்க வேதப்புத்தகத்துக்குள்ள என்ன இருக்கு தெரியுமா?"

"என்ன மாமி?"

"பிள்ளை உண்டாகாம இருக்கதுக்குள்ள மாத்திரை! நேத்து நம்ம வீட்டுல இருந்து பிள்ளைவரத்துக்கு ஜெபிச்சவளாக்கும்! செயலாளர்ட்ட சொல்லாம விடமாட்டேன்."

சங்கத்துச் செயலாளர் வீடு சானல் திரும்பும் இடத்தில். அங்கே போய்ச் சேர ஐந்து கரண்டுக் கம்பம் தூரம். செயலாளரிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் சேகரத்துச் சபைகள் அத்தனைக்கும் தெரியும். போதகரம்மா தலைநிமிர்ந்து பலிபீடத்துப் பக்கம் போக முடியாது. மாமி பார்த்தது என் அட்டை, பழி அவருக்கு.

முதல் கம்பம் தாண்டியது. நான் வாயைத் திறந்து மூடினேன். உள்ளதைச் சொன்னால் என் பி.எட். அங்கேயே அந்தச் சானலில் போகும். ரெண்டாவது கம்பம். மாமியின் நடையில் செருப்பு தட் தட்டென்று அடித்தது. சொல்லாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. போதகரம்மாவும் தின்கிறவர்தானே, ஒருவகையில் உண்மைதானே என்று மனசு கள்ளத்தனமாக ஒரு நியாயம் சொன்னது. மூன்றாவது கம்பம். எனக்கு என்மேல் வெட்கமாக இருந்தது. நாலாவது. செயலாளர் வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"மாமி" என்றேன். "அது எனக்குள்ளது."

"எது?"

"அந்த மாத்திரை. நேத்து புத்தகம் மாறிப்போச்சு. நீங்க பாத்தது எனக்க புத்தகம். பாருங்க, அட்டையில எனக்க பேரு இருக்கு."

உறையைத் திறந்து காட்டினேன். மாமி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதற்குள் செயலாளர் கேட்டருகில் வந்துவிட்டார். "என்ன, மாமியும் மருமகளும் காலையிலேயே?" என்றார்.

மாமி வாயைத் திறந்தார்.

"முந்திரிக்கொத்து மிச்சம் இருந்தது. உனக்குக் கொண்டுவந்தோம்" என்று பாத்திரத்தோடு அவர் கையில் கொடுத்தார் மாமி. போதகர் வீட்டில் கொடுக்க மறந்திருந்த பாத்திரம்.

திரும்பி நடந்தோம். மாமி சானல் படித்துறையில் போய் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டார். நான் நின்றேன். அழுகைதான் வந்தது. "படிச்சு முடிக்கட்டும் மாமி. இன்னும் ஒரு வருஷம். அதுக்குப் பொறவு பெத்துத் தாறேன். இந்த சீட்டும் போனா எனக்கு இனி கிட்டாது" என்றேன்.

மாமி தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார். "எனக்க குடல்வால் ஆபரேஷன் தெரியுமா உனக்கு?"

தெரியாமலா? சபையில் தெரியாத ஆள் உண்டா? ஒவ்வொரு வருஷக் கடைசி ஆராதனையிலும் மாமி எழுந்து நின்று சாட்சி சொல்வார். மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு குடல்வால் வீங்கி, மரணப்படுக்கையில் கிடந்து, ஆபரேஷனில் பிழைத்தது. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

"அது குடல்வால் இல்ல" என்றார் மாமி.

நான் படித்துறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"இனி பெற என்னால ஒக்காதுன்னு உனக்க மாமாட்ட சொன்னேன். உனக்க இஷ்டம்போல செய்யி, அம்மைட்ட மட்டும் சொல்லாதன்னாரு. அவருதான் குடல்வாலுன்னு சொல்லச் சொன்னது."

அம்மைட்ட மட்டும் சொல்லாத! நான் கொல்லென்று சிரித்துவிட்டேன். அழுகை நிற்பதற்குள்ளேயே சிரிப்பு வந்து, மூக்கொழுகிப் போய், முந்தானையால் துடைத்தேன். இது வம்சத்திலேயே இருக்கிறது போலும். மாமியும் சிரித்தார்.

"பின்ன எப்படி மாமி வருஷாவருஷம் சபையில எழும்பி நிக்கீங்க?"

"எந்த ஆபரேஷன்னு ஆண்டவருக்குத் தெரியும். நான் ஸ்தோத்திரம் சொன்னது அவருக்குத்தானே, சபைக்கா சொன்னேன்?"

"பின்ன எதுக்கு நேத்து அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"ஆளுக கேக்காவளே மக்கா, ரெண்டாவது இல்லியா, ரெண்டாவது இல்லியான்னு. எழுதலன்னா மாமியாருக்கு அக்கறை இல்லம்பாவ." காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். வேறு யாருடைய கதையோபோலச் சொன்னார். "எனக்கும் டீச்சர் டிரெயினிங்குக்கு சீட்டு கிட்டிச்சு. கடுதாசி வந்த அன்னைக்கு உனக்க மாப்பிள்ளை வயித்துல மூணு மாசம்."

மாமியின் ஈரக் காலை என் முந்தானையால் துடைத்தேன். "ஏட்டி, நேத்துள்ளதைப் போட்டியா?" என்று கேட்டார். "ராத்திரி போடலாம்னா அட்டைதான் போதகர் வீட்டுல இருந்துதே" என்றேன். "பின்ன என்னத்துக்கு இங்க இருந்து சிரிச்சுக்கிட்டு இருக்கே? நட வீட்டுக்கு!" என்று என் முதுகில் ஒரு அடி வைத்தார். வீட்டுக்குப் போனதும் தண்ணீர்ச் செம்பை அவரே எடுத்துத் தந்தார். போதகரம்மாவின் பதினேழைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை. அது என் கதையில்லை. பல வருஷம் கழித்து வேறு சேகரத்தில் இருந்தபோது அவரே மாமியிடம் சொல்லிச் சிரித்த பிறகுதான் இப்போது எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்து இறங்கினார். போனில் மாமி எப்போதும் பக்கத்தில் இருந்ததால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. திங்கட்கிழமை காலை, நான் மகளுக்கு இட்லி ஊட்டி முடிப்பதற்குள், பொறுப்புள்ள மனிதராகச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். முகத்தைத் தொங்கப்போட்டுத் திரும்பி வந்தார். கையில் பொட்டலம். மாமி வாங்கிப் பிரித்தார். நாலாவது குப்பி. ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை அலமாரியில் மற்ற மூன்றோடு வரிசையாக வைத்து, "இனி நீ மருந்துக்கடைக்குப் போகாண்டாம் மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனார். நான் வீட்டுக்காரரை அறைக்குள் இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தார். "அம்மைக்குக் குடல்வால் இல்லியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

மகன் வந்த சந்தோஷத்துக்காக மாமி அந்த வெள்ளிக்கிழமையும் கூட்டத்தை எங்கள் வீட்டிலேயே வைத்தார். அதே தாய்மார்கள், அதே மெரூன் உறைகள். உறை மேலே இந்தத் தடவை ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தது. போதகரம்மாவின் யோசனை. மாமி சீட்டை மடித்துக் கொடுத்தார். போதகரம்மா பிரித்தார், வாசிக்கும் முன் ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"எனக்க மருமக படிச்சு முடிச்சு டீச்சராகணும். மத்ததெல்லாம் பொறவு."

வாசல் பக்கம் நின்று முந்திரிக்கொத்துத் தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு அது அப்படியே தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண் பிதுங்க, முகம் சிவக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையாக இருமினார். நிற்கவேயில்லை.

மாமி ஏற்கெனவே கண்ணை மூடிக் கையை ஏந்தியிருந்தார். கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அலமாரில நாலு குப்பி இருக்கு மக்கா. எடுத்துக் குடி."